சிவப்பு விழுந்த சீட்டு

திருவண்ணாமலை கடலை மண்டியில் குணபால நயினார் பதினோரு வருஷமாகக் குமாஸ்தா. எண்பத்திரண்டில் முதலாளி அவர் மேஜைக்கு அச்சடிக்கும் கால்குலேட்டர் ஒன்று வாங்கித் தந்தார். மூட்டையின் எடை கறுப்பில் விழும். சாக்குக்காகக் கழிப்பது சிவப்பில் விழும். எண் படிக்கத் தெரியாத குடியானவர்களும் இதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்: சிவப்பு என்றால் பிடித்தம்.

தை மாதத்தில் ஒரு காலை, பாதி கறுப்பும் பாதி சிவப்புமான புது மை ரிப்பனை நயினார் தலைகீழாக மாட்டிவிட்டார். கடலை கொண்டுவந்த குடியானவன் துரைக்கண்ணு கைக்குப் போன சீட்டில் இருபது மூட்டையும் சிவப்பாக விழுந்திருந்தது.

"அத்தினி மல்லாட்டையும் புடிச்சிக்கினியாடா, படுபாவி!"

எடைக்கல் பறந்து வந்து நயினாரின் முன்பற்களை உடைத்தது. பத்துப் பேர் மேஜை மேல் ஏறிப் பாய்ந்து மிதித்தார்கள். ஒருவன் கால்குலேட்டரையே தூக்கி அவர் வலது கைமேல் போட்டான். எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது.

முதலாளி ஓடி வந்து ரிப்பனைப் பிரித்துக் காட்டிய பிறகுதான் கூட்டம் அடங்கியது. சாயங்காலம் துரைக்கண்ணு ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டிலருகே அழுதான்.

"தெரியாம அடிச்சிட்டேன் நயினாரே. மன்னிச்சிடுங்க."

சாக்கின் எடை ஒரு கிலோ. முதலாளி சொல்லி, முறிந்த அந்தக் கைதான் மூட்டைக்கு மூன்று கிலோ பிடித்தம் தட்டி வந்தது. இன்றைய சீட்டிலும் மூன்றுதான், கறுப்பில்.

நயினார் இடது கையைத் தூக்கி அவனை மன்னித்தார்.