ராஜபாளையம் ஸ்டேஷனில் பேசிய ஜெர்மன்

1989, ஜனவரி. சென்னை எழும்பூரில் மாலை ரயில் ஏறியபோது என் பையில் ஒரு ஜெர்மன் அகராதியும், மூன்று மாத வகுப்பை முடித்த சான்றிதழும் இருந்தன. ராஜபாளையத்தில் நான் ஃபிட்டராக வேலை பார்க்கும் மில்லுக்கு ஜெர்மன் இயந்திரங்கள் வரவிருந்ததால் என்னைப் படிக்க அனுப்பியிருந்தார்கள். வகுப்புக்கு வெளியே போய்ப் பேசுங்கள் என்று ஆசிரியை ஓயாமல் சொல்வார். நானும் ஞாயிறுதோறும் மெரினாவுக்கும் மியூசியத்துக்கும் போய், வெள்ளைக்காரர் யாரைக் கண்டாலும் "கூடன் டாக்" என்பேன். முதலில் சிக்கியவர் பிரெஞ்சுக்காரர். அடுத்த இருவர் ஜெர்மானியர்கள்தான். என் இலக்கணத்தைக் கேட்டு இரக்கப்பட்டு ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார்கள்.

மறுநாள் காலை 7.40. ஸ்ரீவில்லிபுத்தூர். எதிர் இருக்கையில் கொல்லம் போகும் வயதான ஜெர்மன் தம்பதி, ஹில்டாவும் ஓட்டோவும். எழும்பூரிலிருந்தே அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தும், மெரினா அனுபவத்தால் நான் வாயைத் திறக்கவில்லை. தூரத்தில் தெரிந்த கோபுரத்தைப் படமெடுக்க ஓட்டோ கேமராவோடு பிளாட்பாரத்தின் கோடிக்குப் போனார். வண்டி நகர்ந்தது. அவர் ஏறவில்லை.

"மைன் மான் இஸ்ட் வெக்" என்று ஹில்டா எழுந்து நின்றார்.

பக்கத்திலிருந்த எங்கள் ஊர்த் துணி வியாபாரி காதர் பாய் என்னைப் பார்த்தார். "என்ன தம்பி, மான் தொலைஞ்சு போச்சுன்னா சொல்லுதாவ?"

"மான்னா வீட்டுக்காரரு, பாய். ஸ்டேஷன்லயே நின்னுட்டாராம்."

அதற்குள் வண்டி வயல்களுக்கு நடுவே வந்துவிட்டது. ஹில்டாவின் கை அபாயச் சங்கிலிக்குப் போனது. இங்கே இறங்கினால் நான்கு பெட்டிகளோடு வரப்பில்தான் நடக்க வேண்டும். யார் யாரோ ஆங்கிலத்தில் சமாதானம் சொன்னார்கள். பதற்றத்தில் தெரிந்த ஆங்கிலமும் அவருக்கு மறந்துபோயிருந்தது. வேறு வழியில்லாமல் நான் ஜெர்மனில் ஆரம்பித்தேன். அடுத்த ஊர் ராஜபாளையம், பதினொரு கிலோமீட்டர்தான், அங்கே இறங்கி போனில் கேட்கலாம், அவர் பஸ்ஸில் வந்துவிடுவார் என்றேன். பெயர்ச்சொல்லின் பாலைக் காட்டும் டெர், டீ, டாஸ் மூன்றும் இடம் மாறி விழுந்தன. அவர் திருத்தவில்லை, கையைக் கீழே இறக்கினார். நீங்கள் என்னோடு இருப்பீர்களா என்று மட்டும் கேட்டார்.

"யா" என்றேன். அந்த ஒரு சொல்லில் பிழை வர வழியில்லை.

8.05. ராஜபாளையம். பாயும் நானும் பெட்டிகளை இறக்கினோம். ஸ்டேஷன் மாஸ்டர் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு போன் போட்டு, சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "பெரியவரு அங்கதான் இருக்காராம். காபி குடிச்சிட்டு இருக்காரு. செத்த நேரத்துல பஸ் ஏத்திவிடுதாங்களாம்."

அதை மொழிபெயர்த்ததும் ஹில்டா பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்து அழுதார். பிறகு பேசத் தொடங்கினார். மகள் கல்யாணம், ஓட்டோவின் கேமராப் பைத்தியம், மேற்கே தெரியும் மலைக்கு என்ன பெயர் என்ற கேள்வி. அய்யனார் கோவில் அருவியைப் பற்றி நான் சொன்னபோது அகராதி பைக்குள்ளேயே இருந்தது. சென்னையில் மூன்று மாதம் தேடியது எங்கள் ஊர் பிளாட்பாரத்தில் ஒரு மணி நேரம் கிடைத்தது.

9.20. ஓட்டோ பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார். பஸ்ஸுக்கு ஒன்றரை ரூபாய்தான் ஆனது என்று பெருமையாகச் சொன்னார். ஹில்டா இரண்டு நிமிடம் மூச்சு விடாமல் திட்டினார். எந்தப் பாடத்திலும் வராத சொற்கள். எனக்கு முழுக்கப் புரிந்தது. திட்டி முடித்ததும் ஓட்டோவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை விடவில்லை.

10.15. பஸ் ஸ்டாண்ட். கொல்லம் போகும் வழியிலுள்ள செங்கோட்டைக்கு பஸ் ஏற்றினோம். "போயிட்டு வாங்கம்மா" என்றார் பாய். அதற்கு என்ன அர்த்தம் என்று ஹில்டா கேட்டார். போய்விட்டு வாருங்கள் என்று பெயர்த்துச் சொன்னேன்.

"நாங்கள் இனி இந்தப் பக்கம் வரமாட்டோமே" என்றார்.

தெரியும், ஆனாலும் இங்கே வெறுமனே போ என்று யாரும் சொல்லமாட்டோம் என்றேன். போகிறவர் பதிலுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று ஹில்டா கேட்டார். பாயிடம் அந்தச் சொற்களை இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். பஸ் திரும்பும்போது ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "போயிட்டு வாரேன்" என்றார்.