ஈரக் கைக்குத் திறந்த கதவு

என் மருமகள் சுமலதா அரசாங்க இன்ஜினியர். வைத்திக்குப்பத்தில் படகு என்ஜினும் ஐஸ் பெட்டியும் வைக்கிற அரசுக் கொட்டகைக்குக் காவல் கதவு வாங்கும் வேலை அவளிடம் வந்தது.

பழைய கதவு, ஏதோ ஆபீஸுக்கு வாங்கியதைப் பார்த்து அப்படியே வாங்கியது. விரல் வைத்தால் திறக்குமாம். ஐஸிலும் செதிலிலும் தேய்ந்த, மீன் விற்கிற எங்கள் விரலை அது மதிக்கவே இல்லை. கடைசியில் காவலாளியே ஐஸ் பெட்டியை முட்டுக் கொடுத்துத் திறந்தே வைத்தான். என்ஜின் களவு போயிற்று.

"பழைய டெண்டர்ல தேதிய மட்டும் மாத்தும்மா" என்றார் மேலதிகாரி தணிகாசலம்.

"எந்தக் கதவுன்னு அப்புறம் பாப்போம் சார். அது என்னென்ன செய்யணும்னு மொதல்ல எழுதுறேன். எழுதுற ஒவ்வொண்ணுக்கும் ஒரு சோதனை."

"ஒரு கதவும் தேறலன்னா யானாமுக்கு மாத்தல்தான், பெட்டியக் கட்டு."

யானாம் எங்கள் அரசாங்கத்து ஊர்தான், ஆனால் எங்கேயோ ஆந்திராவுக்குள் கிடக்கிறது. வீட்டில் பால்குடிக்கிற பிள்ளை. ஆனாலும் அவள் பின்வாங்கவில்லை. கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்து, வருவோர் போவோரைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். ஈரக் கையோடு, தலையில் கூடையோடு வந்தாலும் திறக்க வேண்டும். ஓர் ஆள் நுழைந்ததும் தானே பூட்டிக்கொள்ள வேண்டும். கரண்ட் போனால் உள்ளே இருப்பவர் தள்ளிக்கொண்டு வரலாம், வெளியாள் நுழையக் கூடாது.

சோதனைக்கு மூன்று கம்பெனிகள் வந்தன. ஆபீஸ் ஆட்களை விட்டுப் பார்க்கலாம் என்றார்கள்.

"எங்க அத்தையும் ஆயம்மாவும்தான் நுழைஞ்சு பாப்பாங்க" என்றாள் சுமலதா. ஆயம்மா என்னோடு மீன் விற்பவள். வெறுங்கூடையோடு வர மாட்டேன் என்று நான் அடம்பிடித்து, சங்கரா மீனை நிரப்பிக்கொண்டு போனேன்.

முதல் கதவு என் விரலுக்கு அசையவில்லை.

"ஆயா, கையத் தொடச்சிட்டு வைங்க" என்றான் கம்பெனிக்காரன்.

"தொடச்சிட்டு வர நான் என்ன விருந்துக்கா வந்தேன்?"

இரண்டாவது, கரண்டை நிறுத்தியதும் ஊருக்கே ஆவென்று திறந்துகொண்டது.

"யானாம்ல தெலுங்கு பேசணும்மா" என்று சிரித்தார் தணிகாசலம்.

மூன்றாவது, அந்தக் கம்பெனிக்காரன் என் கழுத்தில் மாட்டிவிட்ட அட்டையைக் கண்டதும் திறந்தது. என் முதுகோடு ஒட்டிக்கொண்டே நுழையப் பார்த்த ஆயம்மாவை நிறுத்திவிட்டது.

"அடியே, என்னையே வெளிய நிறுத்துது பாரு!"

சுமலதா பியூஸைப் பிடுங்கினாள். வெளியே காவலாளி தோள்கொடுத்து முட்டினான். அசையவில்லை. உள்ளேயிருந்து நான் ஒற்றைக் கையால் தள்ளினேன், கூடை தலையில் இருக்க, ராணி மாதிரி வெளியே வந்தேன். குப்பமே விசிலடித்தது.

அந்தக் கதவையே வாங்கி மாட்டினார்கள். அதற்குப் பிறகு ஓர் என்ஜினும் களவு போகவில்லை. இனிமேல் கதவு இப்படித்தான் வாங்க வேண்டும் என்று சுமலதா எழுதியதைத் தணிகாசலமே கையெழுத்துப் போட்டு யானாமுக்கு அனுப்பினார். போனது காகிதம்தான். என் மருமகள் இங்கேதான் இருக்கிறாள்.