குஷன் தவமணியின் மூக்கு

காரின் நான்கு கதவுகளையும் சாத்திக்கொண்டு பின்னிருக்கையில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார் தவமணி. ஏர்கான் போடக் கூடாது, கண்ணாடியை இறக்கக் கூடாது, ரேடியோ கூடவே கூடாது. வெளியே கிள்ளான் நகரத்து வெயிலில் விற்பனையாளர் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறார். வாங்க வந்தவர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, எல்லாம் புரிந்தவர் போல என்ஜினைப் பார்த்துத் தலையாட்டுகிறார். ஐந்து நிமிடம் கழித்து வேர்த்து விறுவிறுத்து இறங்குகிற தவமணி, இரண்டில் ஒன்றைத்தான் சொல்வார். ஒன்று, "எடுத்துக்கலாம்." மற்றொன்று, "பசியாறப் போலாமா?"

இரண்டாவதைச் சொன்னால் அந்தக் காரை வாங்காதே என்று அர்த்தம். விற்பவர் முகத்துக்கு நேராக அவர் சரக்கைக் குறை சொல்வது மரியாதை இல்லை என்பதால் தவமணி கண்டுபிடித்த வழி இது. பசியாறுவது என்றால் இங்கே காலைச் சாப்பாடு. ஒருமுறை சாயங்காலம் நாலரை மணிக்கு ஒரு குடும்பத்தைப் பசியாறக் கூப்பிட்டிருக்கிறார். மேரு சாலையில் வரிசையாக இருக்கும் பழைய கார்க் கடைக்காரர்களுக்கெல்லாம் இதற்குள் அர்த்தம் பிடிபட்டுவிட்டது. தவமணி வாயைத் திறக்குமுன்பே சிலர், "போயிட்டு வாங்க ஆன்ட்டி, பசியாறிட்டு வாங்க" என்று சலித்துக்கொள்கிறார்கள்.

வயது ஐம்பத்தெட்டு. இருபத்தாறு வருடம் ஒரு குஷன் கடையில் கார் இருக்கைகளுக்கு உறை தைத்தார். கடந்த ஆறு வருடமாகச் சொந்தத் தொழில். வீட்டின் முன்னால் கார் நிறுத்த வேண்டிய கொட்டகையில் தையல் இயந்திரம் நிற்கிறது. நிறுத்த அவரிடம் கார் இல்லை, கார் ஓட்ட லைசென்ஸும் இல்லை. போகவர ஒரு பழைய மோட்டார் சைக்கிள். அதன் இருக்கைக்கு மட்டும் மெத்தை போல மூன்று அடுக்கு நுரை வைத்துத் தைத்திருக்கிறார். கார் ஓட்டத் தெரியாதவர் எப்படிக் காரைச் சோதிக்கிறார் என்று யாராவது கேட்டால் கோபப்பட மாட்டார். "என்ஜின் பாக்க மெக்கானிக் இருக்கான். பெயிண்ட் பாக்க ஆளு இருக்கு. குண்டி வைக்கிற எடத்த எவன் பாக்குறான்?" என்பார்.

அவர் பார்க்கிறார். போன வருடம் ஒரு சின்னக் காரைக் காட்டி, ஒரே உரிமையாளர், அதுவும் பள்ளிக்கூட டீச்சர், வீட்டுக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓட்டியது, முப்பதாயிரம் கிலோமீட்டர்தான் என்று ஒரு விற்பனையாளர் மூச்சு விடாமல் ஒப்பித்தார். மீட்டரும் அதையே சொன்னது. தவமணி ஓட்டுநர் இருக்கையின் வலது ஓரத்தைக் கட்டைவிரலால் அமுக்கினார். ஏறி இறங்கி ஏறி இறங்கி நசுங்கிப்போன நுரை, அமுக்கிய பள்ளத்தை விட்டு எழவே இல்லை. லட்சத்துக்கு மேல் ஓடியிருக்க வேண்டும்.

"டீச்சரம்மாவுக்கு எந்தூரு ஸ்கூலு தம்பி? தாய்லாந்துலயா?" என்று விசாரித்தார்.

கார் பார்க்கப் போகும் நாளில் பூ வைக்க மாட்டார், பவுடர் போட மாட்டார். ஒரு காருக்கும் இன்னொரு காருக்கும் நடுவில் உப்பிட்டுக் காய்ந்த புளிப்புப் பழம் ஒன்றை வாயில் அதக்கிக்கொள்வார். மூக்கைக் கழுவிவிடுமாம். பின் கண்ணாடி ஓரம் வாசனைக்குப் போடும் பாண்டான் இலைக் கட்டு கிடந்தால் எத்தனை கட்டு என்று எண்ணுவார். ஒரு கட்டு என்றால் கார் வைத்திருக்கும் யாரும் செய்வது. இரண்டென்றால் யோசிப்பார். மூன்றென்றால் எதையோ மறைக்க வைத்திருக்கிறார்கள்.

பிறகு இருக்கை வாரைப் பிடித்து, இனி வராது என்கிற வரைக்கும் இழுப்பார். வெள்ளத்தில் முங்கிய காரை விற்கிறவர்கள் தரைவிரிப்பை மாற்றுவார்கள், இருக்கையைக் கழுவுவார்கள், டாஷ்போர்டுக்கு எண்ணெய் போட்டு மினுக்குவார்கள். வாரின் கடைசி ஒரு முழம் மட்டும் உள்ளே சுருண்டு கிடக்கும். அதை வெளியே இழுத்துப் பார்க்கும் பொறுமை யாருக்கும் இருப்பதில்லை. தண்ணீர் எதுவரை ஏறியது என்பதை அந்த ஒரு முழம் பழுப்புக் கோடாக வைத்திருக்கும்.

இந்த வித்தையெல்லாம் ஊருக்குத் தெரிந்தது. ஹலிஜா விஷயத்தில் நடந்தது பலருக்குத் தெரியாது.

ஹலிஜா பாலர் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் தொழில் செய்பவள். முப்பத்து நாலு வயது, கணவன் இல்லை. அவளுடைய பழைய வேன் ஒரு நாள் ரவுண்டானா நடுவில் உயிரை விட்டுவிட, ஏழு பேர் உட்காரும் சாம்பல் நிறக் கார் ஒன்றைப் பேசி முடித்திருந்தாள். மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை காலை தவமணியிடம் வந்தது காரைச் சோதிக்க அல்ல. பிள்ளைகள் வாந்தி எடுத்தால் துடைக்க வசதியாக ரப்பர் துணியில் உறை தைக்கக் கேட்கத்தான் வந்தாள். முன்பணம் ஆயிரம் வெள்ளி கட்டியாயிற்று, விற்பனைப் பாரத்தில் கையெழுத்தும் போட்டாயிற்று. பாரத்தில் பாதிக் கட்டங்கள் காலியாக இருந்தனவாம். "பாஸ் அப்புறமா எழுதிக்கிறேன்னு சொன்னாரு ஆன்ட்டி" என்றாள் மலாயில். ஒரு வருட உத்தரவாதமும் உண்டாம். எழுத்தில் இருக்கிறதா என்று தவமணி கேட்டார். வாயால் சொன்னாராம்.

எந்தக் கடை என்று கேட்டார் தவமணி. ஜெகதீசன் கடை.

வாயில் இருந்த புளிப்புப் பழத்தைத் தவமணி ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டார். அவருக்கு வரும் வேலையில் முக்கால்வாசி ஜெகதீசன் கொடுப்பது. தீபாவளிக்கு முறுக்கு டின் அனுப்புகிறவன். அவர் பித்தப்பைக் கல் எடுத்துப் படுத்திருந்தபோது ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸோடு வந்து, அரை மணி நேரம் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டுப் போனவன். இவ்வளவு நாளில் ஜெகதீசன் கடைப் பக்கம் யாருக்காகவும் அவர் கார் பார்க்கப் போனதில்லை. யாராவது கூப்பிட்டால் முதுகுவலி வந்துவிடும்.

அன்றைக்கும் முதுகுவலி வந்திருக்கலாம். ஆனால் ஹலிஜா எந்தப் பிள்ளை எந்த இடத்தில் உட்காரும் என்று விரல் விட்டுச் சொல்லத் தொடங்கியிருந்தாள். வாந்தி எடுக்கிறவன் ஜன்னலோரம், தூங்கி விழுகிறவள் நடுவில், அடிக்கிறவன் முன்னால். தவமணி அளவு நாடாவை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அளவெடுக்கக் காரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, அவளை மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டார்.

கடையில் ஜெகதீசன் இல்லை, பசியாறப் போயிருந்தான். காரில் பாண்டான் இலை நான்கு கட்டு. தவமணி மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்து வாரை இழுத்தார். தேநீர் சிந்திக் காய்ந்தது போலக் கோடு. அது கணுக்கால் உயரத்தில் இல்லை, உட்கார்ந்திருக்கும் ஆளின் இடுப்பு உயரத்தில் இருந்தது. முன்னிருக்கைக்கு அடியில் கைவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தார். ஏர்பேக்குக்குப் போகும் மஞ்சள் செருகியில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. மோதினால் அந்தப் பை விரியும் என்று எவரும் சத்தியம் செய்ய முடியாது.

அவ்வளவும் போதும், எழுந்து போய்ப் பசியாறக் கூப்பிட்டிருக்கலாம். எழும்போது கை இருக்கையின் ஓரத் தையலில் பட்டது. மூலை திரும்பும் இடத்தில் இரட்டை நூல். முடியும் இடத்தில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. கிள்ளான் முழுவதும் அப்படி முடிச்சுப் போடுகிறவர் ஒருவர்தான்.

தவமணி மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

டிசம்பர் வெள்ளம் வடிந்து மூன்று வாரம் ஆனபின், ஜனவரியில், எட்டுக் கார்களின் இருக்கைகளை ஒரு லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தான் ஜெகதீசன். கழுவும்போது தண்ணீர் புகுந்துவிட்டது அக்கா என்றான். ஒரே நேரத்தில் எட்டுக் காரிலுமா என்று அவர் கேட்கவில்லை. கொட்டகையின் தகரக் கூரை மேல் நுரையைப் பரப்பி இரண்டு நாள் காயவைத்தார். அக்கம்பக்கத்துக்கே ஆற்றுச் சேற்று வாடை அடித்தது. மிக மோசமானவற்றை மாற்றினார், மற்றவற்றுக்கு மருந்தடித்துப் புது உறை போட்டார். காரை அவர் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று கேட்கவும் இல்லை. அந்த மாதம் வேலை நன்றாக நடந்தது.

கால் மணி நேரமாகியும் ஆன்ட்டி இறங்கவில்லையே என்று ஹலிஜா கண்ணாடியைத் தட்டினாள். ஜெகதீசன் அப்போதுதான் வந்து சேர்ந்தான். வெளியே இழுபட்டுத் தொங்கிய வாரைப் பார்த்ததுமே அவனுக்கு விளங்கிவிட்டது. ஹலிஜாவுக்கு மலாயில் வணக்கம் சொல்லிவிட்டு, சிரித்த முகம் மாறாமல் தவமணியிடம் தமிழில் பேசினான்.

"அக்கா, இது ஒங்களுக்கு எதுக்குக்கா? பேட்டரி புதுசா போட்டுத் தந்துர்றேன். ஆறு மாசத்துக்கு ஒன்னும் ஆகாது லா. இந்தப் பொம்பளைக்கு ஒன்னும் தெரியாது."

ஹலிஜா இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். தமிழில் அவளுக்குத் தெரிந்தது 'அக்கா' என்ற ஒரு சொல்தான்.

தவமணி இறங்கினார். ஜெகதீசனைப் பார்த்துக்கொண்டே, ஆனால் மலாயில், ஹலிஜாவுக்குக் கேட்கும்படி பேசினார்.

"ஹலிஜா, இந்தக் காடி வெள்ளத்துல முங்குனது. சீட்டெல்லாம் ஈரமாத்தான் என்கிட்ட வந்துச்சு. நான்தான் தச்சுக் குடுத்தேன்."

ஜெகதீசன் தமிழை விடவில்லை. குரலை மட்டும் தாழ்த்தினான். "அப்ப நீங்களும்தான் இதுல இருக்கீங்க அக்கா."

தவமணி ஹலிஜா பக்கம் திரும்பினார். மறுபடி மலாய். "நானும் இதுல இருக்கேன்னு இவரு சொல்றாரு. நெசந்தான்."

ஹலிஜாவுக்குச் சட்டென்று கோபம் வரவில்லை. குழம்பிப்போய், "அப்பவே தெரியுமா ஆன்ட்டி?" என்று மட்டும் கேட்டாள்.

"மூக்குக்குத் தெரிஞ்சுச்சு. வாயிதான் கேக்கல."

பிறகு, சொல்வதை நம்ப வேண்டாம், பார் என்று, பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்தார். ஜெகதீசன் கை நீட்டித் தடுக்கப் போனான். "என் தையல்தானே தம்பி" என்று சொல்லிவிட்டு மூலையைப் பிரித்தார். இரட்டை நூல் என்பதால் அவருக்கே சிரமமாகத்தான் இருந்தது. உறை விலகியதும், உள்ளே துருப்பிடித்த கம்பியும், கம்பி மடிப்பில் நகமளவு காய்ந்த சேறும் தெரிந்தன. பக்கத்துக் காரைச் சுற்றி வந்துகொண்டிருந்த வயதான சீனத் தம்பதி எட்டிப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளிவாசல் பக்கம் நடந்தார்கள்.

அவர்கள் போவதைப் பார்த்துத்தான் ஜெகதீசன் அலுவலகத்துக்குள் போய் ஆயிரம் வெள்ளியை எடுத்து வந்தான். பணம் மட்டும் வாங்கினால் போதாது, காலிக் கட்டங்களில் நாளைக்கு யார் எதையும் எழுதலாம், கையெழுத்துப் போட்ட பாரத்தையும் கேட்டு வாங்கு என்று தவமணி சொல்லிக் கொடுத்தார். ஹலிஜா அதை நாலாக மடித்து முக்காட்டுத் துணிக்குள் செருகிக்கொண்டாள். மோட்டார் சைக்கிளில் திரும்பினார்கள். வீட்டு வாசலில் இறங்கியபோதுதான் ஹலிஜா சொன்னாள், அடுத்த காருக்கும் நீங்கள்தான் வர வேண்டும் என்று. மூன்றாவது முயற்சியில் அவளுக்குக் கிடைத்த கார் இதைவிடப் பழையது, நிறமும் சகிக்காது. ஆனால் காய்ந்தது. தவமணி "எடுத்துக்கலாம்" சொன்னார்.

நான்கு மாதம் ஜெகதீசனிடமிருந்து ஓர் இருக்கைகூட வரவில்லை. தவமணி மோட்டார் சைக்கிள் இருக்கைகளும், ஒரு சீனர் காப்பிக்கடையின் நாற்காலிகளும், கோயில் மண்டபத்து மெத்தைகளும் தைத்து ஒப்பேற்றினார். ஐந்தாவது மாதம் அவனே வேன் ஓட்டிக்கொண்டு வந்தான். பின்கதவைத் திறந்துவிட்டு, "மோந்து பாருங்க அக்கா" என்றான். அவர் உண்மையாகவே மோந்து பார்த்தார். ஐந்து இருக்கைகளையும், மேலேயும் கீழேயும், அவசரமில்லாமல். அவன் அதுவரை வெயிலில் நின்றான்.

"காஞ்சிருக்கு. எறக்கு."

இறக்கி முடித்ததும், ஜனவரியில் இருக்கை வந்த மற்ற ஏழு கார்களையும் யார் யாருக்கு விற்றான் என்று கேட்டார். அதைச் சொன்னால் கடையை மூட வேண்டியதுதான் என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. தானே தேடத் தொடங்கிவிட்டார். சிவப்பு விளக்கில் நின்றால், தன் தையல் தெரிகிறதா என்று பக்கத்துக் காருக்குள் குனிந்து பார்க்கிறார். பிள்ளை பிடிக்கிறவளோ என்று ஒரு பெண் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

இதுவரை மூன்று அகப்பட்டிருக்கின்றன. ஒருவர், தன் காரைக் குறை சொல்ல நீ யார் என்று விரட்டினார். இன்னொருவர் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகிறார். இருக்கைகள் ஈரமாகத்தான் வந்தன, தைத்தது நான் என்று தவமணி அவருக்கு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். மூன்றாமவர் நன்றி சொல்லிவிட்டு, யாருக்கும் தெரியாமல் சீக்கிரம் விற்றுத் தள்ள வழி கேட்டார். அவரைத் தவமணி திட்டிய திட்டு இங்கே எழுதத் தக்கதல்ல.

போன ஞாயிற்றுக்கிழமை காலைச் சந்தைக்கு மீன் வாங்கப் போனவர், வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு கறுப்புக் காரின் பின் கண்ணாடியில் இரண்டு கையையும் குவித்து முகத்தை ஒட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். உள்ளே பின்னிருக்கை மூலையில் அந்தச் சின்னப் பெருக்கல் குறி, அதன் மேல் குழந்தை இருக்கை ஒன்று வாரில் கட்டியிருந்தது. உரிமையாளரைக் காணோம். வானம் இருட்டி, முதல் தூறல் விழுந்தது. மீன்காரரிடம் திரும்பிப் போய் ஒரு துண்டுத் தாளும் பேனாவும் கேட்டு வாங்கி, தன் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதினார். இன்னொரு பிளாஸ்டிக் பையும் கேட்டு வாங்கி, தாளை அதற்குள் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை இறுக்கி முடிச்சுப் போட்டு, முன் கண்ணாடியின் துடைப்பானுக்கு அடியில் செருகினார்.