வேறொரு பேரில் பதினோரு நாள்

எனக்கு அப்போது ஏழு வயது. ராயபுரத்தில் ஒற்றை அறை வீட்டில் நாங்கள் ஆறு பெண்கள், நான் ஐந்தாவது. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அம்மா என்னைக் கூப்பிட நினைத்தால் அக்காமார் பேரெல்லாம் வாயில் வந்த பிறகுதான் என் பேர் வரும்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, ஸ்டேஷன் பக்கத்தில் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு அம்மாள் என் முன்னால் குனிந்தாள்.

"உங்கம்மா எண்ணூர்ல சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருக்காங்க. உன்னை மட்டும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க கண்ணு."

என்னை மட்டும் என்றதும் நம்பிவிட்டேன். நம்ப ஆசையாக இருந்தது. ரயிலில் ஜன்னலோரமாக உட்கார வைத்தாள்.

எண்ணூரில் சவுக்குத் தோப்பை ஒட்டித் தனியாக ஒரு வீடு. அங்கே அம்மா இல்லை. "நாளைக்கு வருவாங்க" என்று சொல்லி, ஒரு நீல கவுனை மாட்டிவிட்டாள். அதன் கீழ்மடிப்பில் பழைய ஊசித் துளைகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. யார் யாருக்கோ ஏற்றியும் இறக்கியும் தைத்த கவுன். அன்று அது எனக்குப் புரியவில்லை.

வேறொரு பேர் சொல்லி என்னைக் கூப்பிட்டாள். செத்துப்போன அவள் மகளின் பேர் அது என்று பின்னால் தெரிந்தது. "அது எம் பேரு இல்ல" என்று சொன்னால் அடிக்க மாட்டாள், திட்ட மாட்டாள். முகம் மட்டும் வெறிச்சோடிப் போகும். கதவை வெளியே பூட்டிக்கொண்டு போய்விடுவாள். பொழுது சாயும்வரை தண்ணீர்கூடக் கிடையாது. திரும்பி வந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல் பருப்பும் நெய்யும் பிசைந்து ஊட்டுவாள். எண்ணெய் வைத்து, வலிக்காமல் சிக்கெடுத்துத் தலை வாரிவிடுவாள். ஆறு தலை வாரவேண்டிய என் அம்மாவுக்கு அவ்வளவு நேரம் ஏது?

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, அவள் கூப்பிட்டதும் "இன்னாம்மா?" என்றேன். பூட்டுக்குப் பயந்துதான். ஆனால் அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதபோது எனக்கு ஒரு சுகம் இருந்தது. இதை வெளியே சொல்ல இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

பதினோராம் நாள் காலை அவள் குளிக்கப் போயிருந்தாள். நெட்டுக்குப்பத்திலிருந்து மீன் விற்க வந்த ஒருத்தி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துவிட்டாள்.

"யாரு கண்ணு நீ? பேரு இன்னா?"

அந்தப் பேரைச் சொன்னேன். யாரும் மிரட்டவில்லை. தானாக வாயில் வந்தது.

மீன்காரியின் முகம் மாறியது. "அந்தப் பொண்ணு எப்பவோ செத்துப் பூட்ச்சே. உங்க வூடு எங்க கீது?"

"ராயபுரம்" என்றேன். பேரை மாற்றியவள் ஊரை மாற்றிச் சொல்லித் தரவில்லை.

மீன்காரி கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். மதியத்துக்குள் போலீஸ் வந்தது. அந்த அம்மாளை இழுத்துப் போகும்போதும் அந்தப் பேரைச் சொல்லித்தான் கத்தினாள். நான் போலீஸ்காரரின் கையை உதறிவிட்டு அவள் பக்கம் ஓடப் பார்த்தேன்.

அம்மா இரண்டு நாள் என்னை மடியைவிட்டு இறக்கவில்லை. பிறகு அவளுக்கு வேலை வந்துவிட்டது.

எனக்கு முன்னால் மூன்று பெண்களை அந்த வெள்ளைச் சேலை அம்மாள் கொண்டுபோயிருந்தாள் என்று போலீஸ் விசாரணையில் தெரிந்தது. அந்தப் பேருக்குப் பழகாத இருவரை ஏதேதோ ஸ்டேஷன்களில் விட்டுவிட்டாள். மூன்றாவது பெண் என்ன ஆனாள் என்று கேட்டதற்கு மட்டும் அவள் வாயே திறக்கவில்லை. ஜெயிலிலேயே செத்துப்போனாள்.

அந்த மூன்றாவது பெண்ணின் அம்மா ஒருநாள் பேசின் பிரிட்ஜிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் அம்மா அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் வெளியே போய்விட்டாள்.

"அந்தம்மா அடிப்பாளா கண்ணு?"

"அடிக்க மாட்டா."

"சோறு போடுவாளா?"

"நெய் ஊத்திப் பெசஞ்சு ஊட்டுவா. தலை வாரிவுடுவா."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "எம் பொண்ணுக்குச் சுருட்ட முடி. சிக்கு எடுத்தா வலி தாங்க மாட்டா."

"வலிக்காம எடுப்பா" என்றேன். பூட்டைப் பற்றி மூச்சுவிடவில்லை.

மாதம் ஒருமுறை வந்து அதையே கேட்பாள். நானும் அதையே சொல்வேன். அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று எங்கள் வீட்டில் நினைத்தார்கள். எனக்கும் அது வேண்டியிருந்தது என்பது யாருக்கும் தெரியாது. அவள் தன் பெண்ணை நினைத்து ஏங்கினாள். நான் அந்த வீட்டை நினைத்து, அங்கே ஒற்றைப் பிள்ளையாக இருந்ததை நினைத்து ஏங்கினேன். அவளைத் தவிர வேறு யாரிடம் நான் அதைப் பேசியிருக்க முடியும்?

என் கல்யாணத்துக்கும் வந்தாள். சாப்பிடச் சொல்லியும் கேட்கவில்லை. "அவளுக்கும் இந்நேரம் ஆயிருக்கும்" என்று மட்டும் சொன்னாள். அதன்பிறகு அவள் வரவில்லை. இரண்டு முறை பேசின் பிரிட்ஜில் இறங்கி விசாரித்தேன். வீடு மாறிப் போய்விட்டார்கள் என்றார்கள். எங்கே என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.