ஒருவரையொருவர் திருத்தாதவர்கள்

வீட்டில் அவளுக்குப் பெயர் அகராதி. பல்கலைக்கழகத்தில் ரஷ்ய மொழி கற்பிக்கிறவள். போதாக்குறைக்கு, யார் பேச்சில் சறுக்கினாலும் பிடித்துக்கொள்வாள். "இவகிட்ட சண்டை போடுறதுக்கே இலக்கணம் படிச்சுட்டு வரணும்," என்பார் கணவர்.

நெட்டை அக்கா என்று அவள் கூப்பிடும் தோழியிடம் மட்டும் அந்த வாய் அடங்கிவிடும். அக்கா வேறொரு நாட்டுக்காரர். போலிஷ் மொழியும் ரஷ்ய மொழியும் கற்பிப்பவர். கருத்தரங்குகளில் சந்தித்துச் சந்தித்து ஒட்டிக்கொண்டவர்கள். இருவருக்கும் பொதுவாக இருந்தது ரஷ்ய மொழிதான். அதுவும் புத்தகத்தில் படித்தது. அதில் தப்பும் தவறுமாகக் கணவர்களைத் திட்டுவார்கள், பிள்ளைகளை நினைத்துக் கவலைப்படுவார்கள். ஒருவரையொருவர் திருத்தியதே இல்லை. பேசி வைத்துக்கொண்டதல்ல, அப்படியே அமைந்துவிட்டது.

இந்த வருடம் அக்கா கட்டுரை வாசித்தபோது அவள் இரண்டாம் வரிசையில் இருந்தாள். பக்கத்தில், ரஷ்ய மொழியிலேயே பிறந்து வளர்ந்த பெரிய பேராசிரியர். அவரே கூப்பிட்டு உட்காரவைத்ததில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அவர் அவள் பக்கம் சாய்ந்து, அக்காவின் உச்சரிப்பை அப்படியே பேசிக் காட்டினார். அவள் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்துவதற்குள் சத்தம் மேடைவரை போய்விட்டது. அக்கா நிமிர்ந்து பார்த்தார். பிறகு விட்ட வரியைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு சொல்லாக, மெதுவாக வாசித்தார்.

மதியம் சாப்பாட்டுத் தட்டோடு ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"அங்க என்ன பண்ற? இடம் போட்டு வச்சிருக்கேன், வா." அக்கா நாற்காலியிலிருந்து தன் பையை எடுத்தார். அவள் உட்கார்ந்ததும், "அந்த ஆளு என்ன சொன்னாரு? சொன்னா நானும் சிரிப்பேன்ல," என்றார்.

பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. "நீங்க பேசுற மாதிரி பேசிக் காட்டுனாரு, அக்கா."

"நல்லா பண்ணாரா?"

அவளால் தலை நிமிர முடியவில்லை. "என் பேச்சும் அப்படித்தானே இருக்கு. புத்தி எங்க போச்சுன்னே தெரியல."

"சரி, சாப்பிடு. சூப் ஆறிடும்."

மறுநாள் அவள் முறை. வாசித்து முடித்ததும் முதல் வரிசையிலிருந்து அக்கா கைதட்டினார். வெளியே வந்தபோது தோளில் கைபோட்டு, குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு எடத்துல உச்சரிப்பு தப்பு. சொல்லட்டுமா? நாலு பேரு சிரிச்சிடக் கூடாதுல்ல."

முகத்தில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

"சொல்லுங்க, அக்கா."

அக்கா பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். இப்போதும் இருவரும் தொலைபேசியில் பேசுகிறார்கள், பார்த்துப் பார்த்து, பிழையில்லாமல். கணவர்களைப் பற்றிய பேச்சு மட்டும் வருவதில்லை.