தகுணு பக்கம் காற்றில்லை

இன்று காலை மகளுக்கு இடுப்புவலி. தோட்டத்துத் துரையின் பழைய காரைக் கெஞ்சி வாங்கி, கேகாலை ஆஸ்பத்திரிக்கு நானே ஓட்டிக்கொண்டு கிளம்பினேன்.

காரோ ரோட்டோரத்து ஆற்றுப்பக்கமே இழுத்தது.

ருவான்வெல்லையில் சைக்கிள் கடைக்காரர் காரைச் சுற்றிப் பார்த்தார். "தகுணு பெத்தே ஹுலங் அடுயி, மாத்தயா" என்று சிங்களத்தில் சொல்லி, பம்பைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

ஏதோ ஒரு பக்கம் காற்றுக் குறைவு என்பது புரிந்தது. தகுணு? காணி உறுதிப் பத்திரங்களைப் படித்தே சிங்களம் பழகியவனாயிற்றே நான்! அதில் தகுணு என்றால் தெற்கு எல்லை. கார் வடக்கே பார்த்து நின்றது. ஆகவே பின்சக்கரம் இரண்டுக்கும் வேர்க்க வேர்க்கக் காற்றடித்தேன்.

கிளம்பினோம். மறுபடி ஆறு!

"முருகா, என்னைய எடுத்துக்க, புள்ளைய விட்டுடு!" என்று அழுதேவிட்டேன்.

பின்னாலிருந்து மகள் பல்லைக் கடித்தபடி கேட்டாள்: "அப்பா, அந்த ஆளு என்னதான் சொன்னாரு?"

சொன்னேன்.

"ஐயோ! தகுணுன்னா சோத்துக்கைப் பக்கமுங்கப்பா!"

கடைக்கே ஊர்ந்து திரும்பினேன். வலது முன்சக்கரம் சப்பிப்போய்க் கிடந்தது. அதற்குக் காற்றடித்துக்கொண்டு பறந்தோம்.

இப்போது அவள் உள்ளே அலறுகிறாள், நான் ஆஸ்பத்திரி வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறேன். நல்லபடியாகப் பிறக்க வேண்டிக்கொள்ளுங்கள்.

சிங்களம் தெரியும் என்று இனி நான் பீற்றினால், கன்னத்தில் அறையுங்கள். எந்தக் கன்னம் என்கிறீர்களா? தெற்குக் கன்னம்தான்.