ஏழு மாப்பிள்ளைகள் போட்ட கோட்டு

ராஜபாளையம் நூலகத்தில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். ஒரு சுவரில் உள்ளூர் ஓவிய ஆசிரியர்கள் வரைந்த படங்கள். பிளவக்கல் அணை மட்டும் நான்கு கோணங்களில் இருந்தது. எதிர்ச் சுவரில் வீடுகளிலிருந்து இரவல் வாங்கிய பழைய புகைப்படங்கள். அவற்றுக்குக் கீழே ஒட்டும் குறிப்புகளை எழுதித் தரச் சொல்லி நூலகர் என்னைக் கேட்டார். பத்திரிகை வேலையில் பல வருடங்கள் படங்களுக்கு இரண்டு வரி எழுதியவன் நான்.

கல்யாணப் படங்களை மேசையில் பரப்பியபோதுதான் அதைக் கவனித்தேன். ஏழு மாப்பிள்ளைகள், ஏழு பேருக்கும் வேட்டிக்கு மேலே கறுப்புக் கோட்டு. ஏழிலும் இடது பை மூடியின் ஒரு முனை மேல்நோக்கி மடங்கியிருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரே மடிப்பு, ஒரே கோட்டு. எல்லாமே ஒரு காலத்தில் ஊரில் இருந்த ஒரே ஸ்டூடியோவில் எடுத்தவை.

ஆறு படங்களுக்குச் சட்டம் இல்லை. பின்புறத்தில் ஸ்டூடியோ முத்திரையும், பிறகு யாராவது பிரதி கேட்டால் தேடி எடுப்பதற்கான வரிசை எண்ணும் இருந்தன. அந்த எண்படி அடுக்கினேன். ஏழாவது, சட்டம் போட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி துண்டில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்தது. படத்தில் இருந்தவர் அவருடைய தந்தை. அவரும் தையல்காரர்தான்.

“எங்கய்யா ஊருக்கெல்லாம் தச்சாக. தனக்குன்னு தச்சது அந்த ஒரு கோட்டுதேன் சார், கல்யாணத்துக்கு” என்று சொல்லியிருந்தார்.

அதையே குறிப்பாக எழுதி, அந்தப் படத்தை வரிசையில் முதலாவதாக மாட்டினேன். அவர் தைத்துப் போட்டுவிட்டுப் பிறகு ஸ்டூடியோவுக்குக் கொடுத்திருப்பார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். சட்டத்தைப் பிரித்து எண்ணைப் பார்க்கவில்லை.

முதல் நாள் காலையிலேயே அந்தப் பெண்மணி வந்துவிட்டார். மற்ற ஆறு படங்களை அவர் அப்போதுதான் பார்க்கிறார். பக்கத்தில் நின்ற ஓய்வுபெற்ற மில் தொழிலாளி ஒருவர் என் குறிப்பைச் சத்தமாக வாசித்தார்.

“ஏம் தாயி, இது உங்கய்யாவா? அந்தா மூணாவதா நிக்கிறது எங்க சித்தப்பா. அவிய போட்டது ஸ்டூடியோக் கோட்டுன்னுல்லா சொல்லுவாக. இங்க பாத்தா உங்கய்யா கோட்டு ஊர் பூராம் கல்யாணம் கட்டிருக்கு!”

நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை. என்னிடம் வந்தார்.

“படத்தக் கழத்திக் குடுங்க சார். செத்துப் போன மனுசன் பொய் சொன்னாகன்னு ஆயிருச்சு.”

ஏழு படங்களையும் அருகருகே வைத்தது நான். சட்டத்தின் பின்பக்கத்தைப் பிரித்தால் எண் தெரியும், அது எல்லாவற்றிலும் சின்ன எண்ணாக இருந்தால் முதலில் போட்டவர் அவர்தான் என்று விளக்கினேன்.

“இல்லாட்டி?”

“நான் எழுதியது தப்பு.”

“நீங்க எழுதுனதா, எங்கய்யா சொன்னதா?”

அவரே படத்தை ஆணியிலிருந்து கழற்றி என்னிடம் நீட்டி, “பிரிங்க” என்றார்.

நூலகரின் மேசையில் குப்புறப் போட்டு, சிறிய ஆணிகளை நெம்பி எடுத்தேன். படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்ததால் அதைத் தொடாமல் பின் அட்டையை மட்டும் நீக்கினேன். எண் தெளிவாக இருந்தது. அதைவிடச் சின்ன எண்கள் மூன்று படங்களில் இருந்தன. அவருக்கு முன் மூன்று பேர் அந்தக் கோட்டைப் போட்டிருக்கிறார்கள். சொன்னேன்.

அவர் என் பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு வரிசையின் முன் போய் நின்றார். முகங்களைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் பார்த்தது தோளையும் மணிக்கட்டையும்.

“இவுகளுக்குத் தோள் இறங்கி நிக்கி. இவுகளுக்குக் கை கட்டை. இதுதேன் உங்க சித்தப்பாவா? பொத்தானப் போட்டுட்டு எப்படி மூச்சு விட்டாக?”

“கல்யாணத்தோட மூச்சு நின்னுச்சுன்னுதேன் அவியளும் சொல்லுவாக” என்றார் மில்காரர்.

அந்தப் பெண்மணி மேசைக்குத் திரும்பி, தந்தையின் படத்தை நிமிர்த்தினார். தோள் தையல் சரியாகத் தோள் எலும்பின் மேல் இருந்தது. கை, மணிக்கட்டில் முடிந்தது. இழுப்பு இல்லை, சுருக்கம் இல்லை. ஏழு பேரில் அந்தக் கோட்டு பொருந்தியது அவர் ஒருவருக்குத்தான். நானும் அந்தப் படங்களைப் பலமுறை உற்றுப் பார்த்தவன். என் கண் பை மூடியைத் தாண்டிப் போகவில்லை.

“ஸ்டூடியோக்காரருக்குத்தேன் தச்சிருக்காக” என்றார்.

“எப்படிச் சொல்றீங்க?”

“யார் போடப் போறான்னே தெரியாத கோட்டுக்கு யாரப் புடிச்சு அளவெடுக்க? கடையில இருந்தது அவிய ஒடம்பு ஒண்ணுதான. நானும் கடைக் கண்ணாடிக்குள்ள மாதிரிக்குத் தொங்கவிடுத ரவிக்கைய என் அளவுக்குத்தேன் வெட்டுவேன். பொறவு தனக்குக் கல்யாணம்னதும் போயி மாட்டிட்டு நின்னுருக்காக.” முதல்முறையாகச் சிரித்தார். “தச்சது நெசம். தனக்குன்னு சொன்னது எங்கம்மாட்ட விட்ட பெருமை.”

பழைய குறிப்பைக் கிழித்தேன். ஏழு படங்களுக்குக் கீழும் ‘எங்கய்யா தைத்தது’ என்று போடச் சொன்னார். அளவு பொருந்துவது ஒரு தடயம்தான், அதை வைத்து அப்படி உறுதியாக எழுத முடியாது என்றேன். நான் எழுதியது இது: ‘ஏழு படங்களிலும் இருப்பது ஒரே கோட்டு. நான்காவது படத்தில் இருப்பவரே அதைத் தைத்தவர் என்று அவருடைய மகள் கூறுகிறார்.’

வாசித்துவிட்டு, “கூறுகிறாராம்! கோர்ட்டுச் சாட்சி மாதிரில்லா இருக்கு” என்றார்.

“எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்மா.”

“சரி. அப்பச் சாட்சி யாருன்னு முழுசா எழுதுங்க. வெறும் மகள்னா, மக அப்படித்தேன் சொல்லுவான்னுவாக.”

‘மகள்’ என்பதற்கு முன்னால் ‘இருபத்தைந்து ஆண்டுகளாகத் தையல் தொழில் செய்யும்’ என்று உத்தேசமாகச் சேர்த்தேன்.

“முப்பத்தொண்ணு” என்றார்.

திருத்தி எழுதி முடிப்பதற்குள் அவர் சட்டத்தை எடுத்துக்கொண்டுபோய், மூன்று மாப்பிள்ளைகளைத் தள்ளி, நான்காவது இடத்துக்கு ஆணி அடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.